மணிமேகலைக்குத் தனிக் கதை தந்த தானிய வியாபாரி

தேனி மாவட்டத்திலே கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில் கூடலூர் இருக்கிறது. அதை ஒட்டி மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல எழுந்து நிற்கிறது. அந்த மலையின் உச்சியில், 4,000 அடிக்கு மேல், ஒரு பழைய கற்கோயில் உண்டு. மங்கலதேவி கோட்டம் என்று அதற்குப் பெயர். அது கண்ணகியின் கோயில்.

ஆண்டுக்கு ஒரே ஒரு நாள்தான் அங்கே மக்கள் போகலாம். அது சித்திரை மாதத்து முழுநிலவு நாள். அன்று பளியன்குடியில் இருந்து ஏறக்குறைய 7 கிலோமீட்டர் காட்டுப் பாதையில் பெண்களும் ஆண்களும் குழந்தைகளும் ஏறிப் போகிறார்கள். குமுளி வழியாக ஜீப்பிலும் போகிறார்கள். பொங்கல் வைக்கிறார்கள். கண்ணகித் தாயைக் கும்பிடுகிறார்கள்.

கண்ணகியின் கதை நமக்கு எப்படிக் கிடைத்தது? இளங்கோவடிகள் சிலப்பதிகாரம் பாடினார், அதனால் கிடைத்தது என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

ஆனால் அந்த இளங்கோவடிகளுக்கே கதையை எடுத்துச் சொன்னவர் ஒருவர் உண்டு. அவர் அரசர் அல்ல, துறவியும் அல்ல. மதுரையிலே தானியம் விற்றுப் பிழைத்த வியாபாரி. அவர் பெயர் சாத்தனார்.

சொன்னதோடு அவர் நின்றுவிடவில்லை. அந்தப் பெரிய கதையின் மூலையிலே ஒரு சிறு பெண் நின்றுகொண்டிருந்தாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாத்தனார் பார்த்தார். அவளுக்கென்று தனியாக ஒரு காப்பியமே பாடினார்.

அந்தப் பெண்தான் மணிமேகலை.

கூலவாணிகர்

நெல், வரகு, பயறு, எள் போன்றவற்றை அந்தக் காலத்திலே கூலம் என்றார்கள். கூலம் விற்பவர் கூலவாணிகர். அதனால்தான் நம் புலவருக்கு மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்று பெயர் வந்தது.

சீத்தலை என்ற அடைமொழிக்கு ஒரு வேடிக்கையான கதை சொல்வார்கள். பிறர் எழுதிய பாட்டில் பிழை கண்டால் அவருக்குப் பொறுக்காதாம். பிழை செய்தவரைத் திட்டமாட்டாராம். கையில் இருக்கும் எழுத்தாணியால் தம் தலையிலேயே குத்திக்கொள்வாராம். குத்திக் குத்தித் தலை புண்ணாகிச் சீழ் பிடித்துவிட்டதாம். திருக்குறளைக் கேட்ட பிறகுதான் தலைவலி தீர்ந்ததாம்.

இது பிற்காலத்தார் கட்டிய கதை. சீத்தலை என்பது ஓர் ஊரின் பெயர், அந்த ஊரிலே பிறந்ததால் சீத்தலைச் சாத்தனார் ஆனார் என்பதே அறிஞர்கள் பலருடைய கருத்து.

அவர் வாழ்ந்த காலம் பற்றியும் அறிஞர்களிடையே இரண்டு கருத்துகள் உண்டு. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கை மன்னன் கயவாகு வந்திருந்தான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அதை வைத்து 2-ஆம் நூற்றாண்டு என்பார்கள் சிலர். நூல்களின் நடையையும் கருத்தையும் பார்த்து 5, 6-ஆம் நூற்றாண்டு என்பார்கள் வேறு சிலர்.

எந்தக் காலமானால் என்ன? அவர் சொன்ன கதை இன்னும் வாழ்கிறது.

வெள்ளியம்பலத்து நள்ளிரவு

கோவலன் கதையை நாம் அறிவோம். காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வன். கண்ணகியை மணந்தான். ஆடல் மகள் மாதவியிடம் போய்ச் செல்வத்தை எல்லாம் இழந்தான். பிறகு மனைவியோடு மதுரைக்கு வந்தான். சிலம்பு விற்கப் போனான். பொற்கொல்லன் செய்த சூழ்ச்சியால் கள்வன் என்று வெட்டுண்டு இறந்தான். கண்ணகி பாண்டியன் அவையிலே நீதி கேட்டாள். தவறு தெரிந்ததும் பாண்டியன் அரியணையிலேயே உயிர் விட்டான். மதுரை தீப்பற்றி எரிந்தது.

அந்த இரவிலே சாத்தனார் மதுரையில்தான் இருந்தார் என்கிறது சிலப்பதிகாரத்தின் பதிகம். சிவன் கோயிலில் வெள்ளியம்பலம் என்ற மண்டபத்திலே நள்ளிருளில் படுத்திருந்தாராம். அப்போது மதுரையைக் காக்கும் தெய்வம் கண்ணகியின் முன்னே தோன்றியது. கோவலன் ஏன் இப்படி இறந்தான் என்பதற்கு முற்பிறப்புக் காரணத்தைச் சொன்னது. அதைச் சாத்தனார் தம் காதாலேயே கேட்டாராம்.

ஊரே எரிந்த இரவின் கதையை அவர் மனத்திலே சுமந்துகொண்டிருந்தார்.

வையைக் கரையோடு ஒரு பயணம்

கண்ணகி மதுரையை விட்டுப் புறப்பட்டாள். இரவு என்றும் பகல் என்றும் அவளுக்குத் தெரியவில்லை. வையை ஆற்றின் கரையோடு மேற்கே நடந்தாள். மேடும் பள்ளமும் பாராமல் நடந்தாள். கடைசியில் ஒரு மலைமீது ஏறி, வேங்கை மரத்தின் நிழலில் நின்றாள். 14-ஆம் நாள் மாலையிலே கோவலன் வானவரோடு வந்து அவளை விண்ணுலகுக்கு அழைத்துப் போனான். இது காப்பியம் சொல்லும் கதை.

மதுரையில் இருந்து வையைக் கரையோடு மேற்கே வந்தால் எங்கே வந்து சேர்வோம்? தேனிப் பக்கம்தான் வந்து சேர்வோம். அங்கிருந்து தெற்கே திரும்பினால் உத்தமபாளையம், கம்பம், கூடலூர். அதற்கு மேலே மலை. அதனால்தான் கண்ணகி நின்ற குன்று எங்கள் மலைதான் என்று கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்ணகி நடந்த வழியை ஆராய்ந்து, 1963-ஆம் ஆண்டிலே மங்கலதேவி கோட்டமே அந்த இடம் என்று எழுதினார்.

மன்னன் கேட்டான், சாத்தனார் சொன்னார்

சேர மன்னன் செங்குட்டுவன் மலைவளம் காண வந்தான். கூடவே அவன் தேவி வேண்மாளும் வந்தாள். பேரியாற்றங்கரையின் மணல்மேட்டிலே தங்கினார்கள்.

மலைக்குறவர்கள் மன்னனைக் காண வந்தார்கள். யானைத் தந்தமும் சந்தனமும் அகிலும் தேன்குடமும் பலாப்பழமும் சுமந்து வந்தார்கள். தாங்கள் கண்ட அதிசயத்தையும் சொன்னார்கள். ஒரு மார்பை இழந்த ஒரு பெண் வேங்கை மரத்தடியிலே நின்றாள், வானவர் வந்து அவளை அழைத்துப் போனார்கள் என்றார்கள். அவள் எந்த நாட்டவள், யாருடைய மகள் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

அவையிலே சாத்தனார் இருந்தார். அவருக்குத் தெரியும். மதுரையிலே நடந்ததை எல்லாம் அவர்தான் மன்னனுக்கு எடுத்துச் சொன்னார்.

அதைக் கேட்ட பிறகுதான் செங்குட்டுவன் இமயத்திலே கல் எடுத்துக் கண்ணகிக்குச் சிலை செய்யப் புறப்பட்டான். நம் நாட்டைத் தேடி வந்த இந்தப் பத்தினியை நாம் வழிபட வேண்டும் என்று மன்னனிடம் சொன்னவள் வேண்மாள்.

செங்குட்டுவனின் தம்பிதான் இளங்கோவடிகள். அரசு வேண்டாம் என்று துறவு பூண்டவர். குணவாயில் கோட்டத்திலே இருந்தார். அவருக்கும் சாத்தனார் இந்தக் கதையைச் சொன்னார். இதைப் பாட்டாகச் செய்வோம் என்றார் இளங்கோவடிகள். மூன்று வேந்தர்களின் நாட்டிலும் நடந்த கதை இது. அதனால் அரச குலத்திலே பிறந்த தாங்களே பாடுவதுதான் பொருத்தம் என்று சாத்தனார் விலகிக்கொண்டார்.

தாமே கண்டு கேட்ட பெருங்கதை. புலவர் ஒருவர் விட்டுக்கொடுக்கக்கூடிய பொருளா அது? ஆனாலும் நண்பருக்குக் கொடுத்துவிட்டார்.

அப்படியானால் சாத்தனாருக்கு மிஞ்சியது என்ன?

மூலையில் நின்ற குழந்தை

சிலப்பதிகாரத்திலே மணிமேகலை வருவது ஒரு சில இடங்களில்தான். கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த பெண் குழந்தை அவள். கோவலனின் முன்னோர் ஒருவர் நடுக்கடலில் கப்பல் உடைந்து தத்தளித்தபோது மணிமேகலா தெய்வம் காப்பாற்றியது. அந்த நன்றியை மறவாமல் கோவலன் மகளுக்கு மணிமேகலை என்று பெயர் வைத்தான். பெயர் சூட்டிய நாளில் ஏழைகளுக்குப் பொன்னை அள்ளிக் கொடுத்தான்.

பிறகு? அப்பன் வேறு ஊரிலே வெட்டுண்டு போனான். அம்மா மாதவி செய்தி கேட்டு, நகைகளைக் கழற்றித் துறவு பூண்டாள். பெண்ணைக் கணிகை ஆக்க மாட்டேன் என்று அவளுக்கும் கூந்தல் களைந்து துறவறத்திலே சேர்த்தாள். இந்தச் செய்தியும் பிறர் சொல்லிக் கேட்பதாகத்தான் அங்கே வருகிறது. அதோடு சரி.

அந்தப் பெண் என்ன நினைத்தாள்? அவளுக்கு ஆசை இருந்ததா? அவளை யாராவது விரும்பினார்களா? அவள் யாரையாவது விரும்பினாளா? ஆடல் மகளின் வயிற்றிலே பிறந்துவிட்டால் வேறு வாழ்வே கிடையாதா?

இவற்றுக்கு எல்லாம் விடையாகச் சாத்தனார் 30 காதைகள் பாடினார்.

பூப்பறிக்கப் போன இடத்திலே

பூம்புகாரிலே இந்திர விழா நடக்கிறது. மாதவியும் மணிமேகலையும் ஆட வரவில்லை. ஊர் பழி பேசுகிறது. மாதவியின் தாய் சித்திராபதி கோபத்தோடு ஆள் அனுப்புகிறாள். மாதவி அசையவில்லை. மணிமேகலை என் வயிற்றிலே பிறந்திருக்கலாம். ஆனால் அவள் கண்ணகியின் மகள். அவள் இந்தத் தொழிலுக்கு வரமாட்டாள் என்று சொல்லி அனுப்புகிறாள்.

சக்களத்தி என்று வெறுக்க வேண்டிய பெண்ணைத் தன் மகளுக்குத் தாயாக்கிப் பேசினாள் மாதவி!

மணிமேகலை அப்போது பூமாலை தொடுத்துக்கொண்டிருந்தாள். கோவலனும் கண்ணகியும் பட்ட துன்பம் காதிலே விழுந்தது. கண்ணீர் பெருகி மாலையை நனைத்தது. கண்ணீர் பட்ட மாலை பூசைக்கு ஆகாது. புதிய பூப் பறித்து வரத் தோழி சுதமதியோடு உவவனம் என்ற சோலைக்குப் போனாள்.

அதே நேரத்திலே சோழ இளவரசன் உதயகுமரன் மதயானை ஒன்றை அடக்கிவிட்டுத் தேரிலே வந்துகொண்டிருந்தான். மணிமேகலை சோலைக்குப் போன செய்தி கிடைத்தது. தேரைத் திருப்பினான்.

தேரோசை கேட்டதும் மணிமேகலை பதறினாள். சோலையிலே பளிங்கினால் ஆன மண்டபம் ஒன்று இருந்தது. சுதமதி அவளை அதற்குள் அனுப்பிக் கதவை அடைக்கச் செய்தாள். உள்ளே அவள் நிற்பது அவனுக்குத் தெரிந்தது. ஆனால் வாசல் எது என்று தெரியவில்லை. பளிங்குச் சுவரைக் கையால் தடவித் தடவிப் பார்த்தான். சுதமதியிடம் பேசினான். கடைசியில் சித்திராபதி மூலம் இவளை அடைவேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போனதும் மணிமேகலை தோழியிடம் மனத்தைத் திறந்தாள். கற்பு இல்லாதவள், தவம் அறியாதவள், விலைக்குக் கிடைப்பவள் என்று அவன் தன்னை இகழ்ந்ததை அவள் கேட்டாள். கேட்டும், முன்பின் தெரியாத அவன் பின்னாலேயே தன் நெஞ்சு போகிறதே என்று வருந்தினாள். காதலின் இயல்பு இதுதானா என்று கேட்டாள்.

இங்கேதான் சாத்தனாரின் பெருமை தெரிகிறது. துறவிப் பெண்ணுக்கு ஆசையே கிடையாது என்று அவர் பொய் சொல்லவில்லை. தன்னை மட்டமாக நினைப்பவனிடமே மனம் ஓடுவதையும், அதை அவளே கண்டு கலங்குவதையும் அப்படியே காட்டினார்.

மணிபல்லவத் தீவு

அன்று இரவு மணிமேகலா தெய்வம் வந்தது. தூங்கிக்கொண்டிருந்த பெண்ணை எடுத்துக்கொண்டு வான்வழியே போய் மணிபல்லவம் என்ற தீவிலே வைத்தது. யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவுதான் மணிபல்லவம் என்று பலர் சொல்கிறார்கள்.

விடிந்தது. கண் விழித்தாள். கடற்கரை மணலிலே தான் மட்டும் இருப்பதைக் கண்டாள். அப்போது அவள் யாரை நினைத்து அழுதாள் தெரியுமா? அயலூரிலே வாளால் வெட்டுண்ட தன் தந்தையை அழைத்து அழுதாள்.

அங்கே புத்தரின் பாதபீடிகையைக் கண்டாள். அதைத் தொழுததும் முற்பிறப்பு விளங்கியது. அந்தப் பிறப்பிலே அவள் பெயர் இலக்குமி. கணவன் பெயர் இராகுலன். அவன் பாம்பால் இறந்தபோது அவளும் தீயிலே புகுந்தாள். அந்த இராகுலன்தான் இப்போது உதயகுமரனாகப் பிறந்திருக்கிறான். நெஞ்சு அவன் பின்னே ஏன் ஓடியது என்பது அவளுக்குப் புரிந்தது.

தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்கள் தந்தது. ஒன்று வேறு உருவம் எடுக்க. ஒன்று வானிலே பறக்க. ஒன்று பசி இல்லாமல் இருக்க.

தீவைக் காக்கும் தீவதிலகை அமுதசுரபியைப் பற்றிச் சொன்னாள். எடுக்க எடுக்கக் குறையாத சோற்றுப் பாத்திரம் அது. ஆபுத்திரன் என்பவன் மதுரையிலே அதை வைத்து ஏழைகளுக்கு ஊட்டியவன். பிறகு ஆள் இல்லாத அந்தத் தீவிலே அகப்பட்டுக்கொண்டான். ஊட்ட ஒருவரும் இல்லாதபோது தான் மட்டும் உண்ண அவனுக்கு மனம் வரவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையிலே விட்டுவிட்டுப் பட்டினி கிடந்து உயிர் விட்டான். வைகாசி முழுநிலவு நாளிலே அது பொய்கையில் மேலே வரும். மணிமேகலை நின்றாள், அமுதசுரபி அவள் கையிலே வந்து சேர்ந்தது.

காதல் கதையிலே நாயகியின் கைக்கு மணமாலை வரும். இந்தக் கதையிலே சோற்றுப் பாத்திரம் வந்தது. தானியம் அளந்து விற்றவருக்குப் பசி என்றால் என்ன என்று தெரியாதா? பசித்தவனுக்குச் சோறு போட்டவனே உயிர் கொடுத்தவன் என்பதைத் தம் காப்பியத்தின் உயிராகவே வைத்தார்.

சிறைச்சாலை அறச்சாலை ஆனது

மணிமேகலை பூம்புகாருக்குத் திரும்பினாள். கற்பிலே சிறந்த ஆதிரை என்ற பெண் முதல் பிச்சை இட்டாள். அதன் பிறகு பாத்திரம் வற்றவே இல்லை.

காயசண்டிகை என்று ஒருத்தி. வானுலகப் பெண். முனிவர் சாபத்தால் எவ்வளவு தின்றாலும் தீராத யானைப்பசி நோயோடு 12 ஆண்டு வாடியவள். அமுதசுரபியின் ஒரு பிடிச் சோற்றிலே அவள் பசி தீர்ந்தது. ஊரிலே குருடரும் முடவரும் ஆதரவற்றவரும் வந்து உண்டார்கள்.

உதயகுமரன் விடவில்லை. பாட்டி சித்திராபதியே அவனைத் தூண்டிவிட்டாள். அவனிடம் இருந்து தப்ப மணிமேகலை மந்திரத்தால் காயசண்டிகையின் உருவம் எடுத்துக்கொண்டாள். அதே உருவத்தோடு சிறைச்சாலைக்குப் போனாள். கைதிகளுக்குச் சோறு போட்டாள். அதைக் கேட்டு மகிழ்ந்த சோழ மன்னன் என்ன வேண்டும் என்று கேட்டான். அவள் பொன்னோ பொருளோ கேட்கவில்லை. சிறைச்சாலையை அறச்சாலை ஆக்க வேண்டும் என்று கேட்டாள். மன்னன் அப்படியே செய்தான்.

காதலின் முடிவு

ஆனால் விதி வேறு விதமாக இருந்தது. காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் மனைவியைத் தேடி வந்தான். தன் மனைவியின் உருவத்தோடு நின்ற மணிமேகலையை அழைத்தான். அவள் விலகிப் போனாள். உதயகுமரனிடம் பேசினாள். நிலையில்லாத உடலின் மேல் ஆசை வைக்காதே என்று அவனுக்கு அறிவுரை சொன்னாள். தூரத்திலே நின்று பார்த்த காஞ்சனன் அதைத் தவறாகப் புரிந்துகொண்டான். நள்ளிரவில் உதயகுமரன் மறுபடி அங்கே வந்தபோது வாளால் வெட்டிவிட்டான்.

சந்தேகத்தால் ஓர் உயிர் போயிற்று.

மணிமேகலை தன் உருவத்துக்குத் திரும்பினாள். அவனை முற்பிறப்புக் கணவன் என்று சொல்லி அழுதாள். உடலின் அருகே போக எழுந்தாள். தூணில் இருந்த தெய்வப் பாவை அவளைத் தடுத்தது. மறுத்து விலகிய பெண்தான். ஆனாலும் அவளுக்குத் துக்கம் இல்லை என்று சாத்தனார் எழுதவில்லை.

மகனை இழந்த அரசி சும்மா இருப்பாளா? மணிமேகலையைத் தன் காவலிலே வைத்துக் கொடுமை செய்தாள். பித்துப் பிடிக்க மருந்து கொடுத்தாள். பழி உண்டாக்க முயன்றாள். பட்டினி போட்டாள். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் அரசி பயந்து, மணிமேகலையை வணங்கப் போனாள். மணிமேகலை அதைத் தடுத்துவிட்டாள். என் கணவனைப் பெற்றவள் நீ. நாட்டின் பெருந்தேவி நீ. நீ என்னை வணங்கலாகாது என்றாள்.

கல்யாணம் நடக்கவில்லை. தாலி ஏறவில்லை. ஆனாலும் தன்னைத் துன்புறுத்திய பெண்ணை மாமியார் முறையிலே வைத்துப் பேசிய அந்த ஓர் இடத்திலே அந்தக் காதல் முழுமை அடைந்துவிட்டது.

தாயைக் காண வந்த மகள்

அதன் பிறகு மணிமேகலை பல இடங்களுக்குப் போனாள். வஞ்சி நகருக்கும் வந்தாள். அங்கே செங்குட்டுவன் எடுத்த கோயிலிலே கண்ணகியின் சிலையும் கோவலனின் சிலையும் இருந்தன. மணிமேகலை அந்தச் சிலைகளின் முன்னே நின்றாள். மகளாக நின்று தொழுதாள், கண்ணீர் விட்டாள். கண்ணகித் தெய்வம் அவளுடன் பேசியது; அவள் போக வேண்டிய அறவழியைச் சொன்னது.

ஆண் துறவியின் உருவத்தோடு வஞ்சியிலே பல சமயத்து ஆசிரியர்களிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்டாள். பெண்ணாகப் போனால் சொல்லமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

கடைசியில் காஞ்சிபுரம். அங்கே மழை இல்லை, பஞ்சம். பெண் ஒருத்தி பாத்திரத்தோடு வந்தாள். ஊர் பசி ஆறியது. அங்கேதான் அறவண அடிகளிடம் அறம் கேட்டு, பிறப்பு ஒழிய வேண்டும் என்று நோன்பு நோற்றாள். காப்பியம் அதோடு முடிகிறது.

நண்பர் முன்னே அரங்கேற்றம்

சாத்தனார் மணிமேகலையைச் சொன்னபோது அதைக் கேட்டவர் யார்? அதே இளங்கோவடிகள்தான். மணிமேகலையின் பதிகம் அப்படிச் சொல்கிறது. இளங்கோவடிகள் சமணர் என்பது மரபு. சாத்தனார் பாடியது பௌத்த காப்பியம். சமயம் வேறு, நட்பு ஒன்று. இவர் சொன்ன கதையை அவர் பாடினார். அவர் கதையிலே நின்ற பெண்ணை இவர் பாடினார். அதனால்தான் இந்த இரண்டையும் இரட்டைக் காப்பியங்கள் என்கிறோம்.

பிறகு தமிழ்நாட்டிலே பௌத்தம் மறைந்தது. மணிமேகலையைப் படிப்பாரும் குறைந்தார்கள். ஏடுகள் செல்லரித்தன. அந்த நிலையிலே உ.வே.சாமிநாதையர் ஏடுகளைத் தேடி எடுத்தார். பௌத்தக் கருத்துகள் விளங்காமல் திகைத்தபோது கும்பகோணம் கல்லூரிப் பேராசிரியர் ரங்காசாரியார் அவற்றை விளக்கி உதவினார். 1892-இல் சிலப்பதிகாரமும் 1898-இல் மணிமேகலையும் ஐயரின் பதிப்பாக அச்சிலே வந்தன. தாய்க்குப் பின்னே ஆறு ஆண்டு கழித்து மகளும் வெளியே வந்தாள்!

சாத்தனாருக்கு மலைமேல் கோயில் இல்லை. அவர் பிறந்த நாள் தெரியாது. இறந்த நாளும் தெரியாது. ஆனால் இன்ன குலத்திலே பிறந்தாள், அதனால் இன்ன தொழில்தான் செய்ய வேண்டும் என்று ஒரு பெண்ணின் தலையிலே பாட்டியும் ஊரும் அரச குலமும் எழுதப் பார்த்த எழுத்தை, ஓர் எழுத்தாணியால் அழித்தவர் அவர்.

சித்திரை முழுநிலவு அன்று மங்கலதேவி கோட்டத்திலே மலையேறி வந்தவர்களுக்கு அன்னதானம் நடக்கிறது. வெயிலிலே நடந்து களைத்த தாய்மார்கள் பிள்ளைகளுக்குப் பிசைந்து ஊட்டுகிறார்கள். கண்ணகியின் பெயரால் நடக்கும் விழா அது. ஆனால் அந்தச் சோற்றிலே அவள் மகளுக்கும் ஒரு பங்கு உண்டு.